பெண்களுக்கு வந்து சேர்ந்த கடைகள்

ஏழுவீட்டுத்துறையில கடைசி பிராந்திக் கடையை இடிச்சுத் தள்ளின அன்னைக்குச் சாயங்காலம், கடைக்குள்ள ஒருநாளும் கால் வைக்காத பொம்பளைங்களுக்கெல்லாம் கடை ஞாபகம் வந்துருச்சு, கடையே கதின்னு கிடந்த ஆம்பளைங்களுக்கெல்லாம் அது சுத்தமா மறந்து போச்சு. வெளியூர்க்காரங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். அந்த ஊர்ல இருந்து குப்பை கொட்டுறது நாங்க, எங்களுக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரியப் போகுது.

கடற்கரை ரோட்டை அகலப்படுத்தணும்னு சொல்லி, மாதா கோயில் முக்குல இருந்து ஐஸ் கம்பெனி வரைக்கும் வரிசையா நின்ன கடைகளை ஒவ்வொண்ணா எடுத்தாங்க. முதல்ல போனது தகரக்கொட்டகை, சாராயம் வித்த காலத்துல இருந்து நின்ன கடை, மழை பேஞ்சா உள்ள ஒருத்தன் பேசுறது இன்னொருத்தனுக்குக் கேக்காது, கேக்காட்டியும் பேசிக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் மாடிக்கடை, சிரிச்சுக்கிட்டே ஏறி உருண்டுக்கிட்டே இறங்குற கடை. அப்புறம் ரோஜா பார், பேருதான் பெத்த பேரு, ஒரு கண்ணாடி டம்ளர்கூட கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக் கப்பு. கடைசியாப் போனது நீலக்கதவு. அதுக்கு போர்டே இல்ல, படகுக்கு அடிச்சு மிஞ்சுன பெயிண்டை எவனோ கதவுல பூசிவிட, அதுவே பேரா நின்னுருச்சு. அந்த நீலக்கதவு ஜன்னலுக்கு வெளியதான் நான் அடுப்பு போட்டு மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தேன். என் பேரு பிரகாசி. சாளை, நெத்திலி, பல்லு போனவனுக்குக் கருவாட்டுப் பொடி. உள்ள போனதில்ல. ஜன்னல் வழியாத் தட்டை நீட்டுவேன், கை மட்டும் வந்து வாங்கும். ஊர்ல பாதி ஆம்பளைங்களை எனக்கு முகத்தை விடக் கையை வச்சுத்தான் தெரியும்.

நீலக்கதவை பொக்லைன் வந்து முட்டித் தள்ளினப்ப நாங்க பொம்பளைங்க ஏலக்கூடத்துல மீன்கூடை கழுவிக்கிட்டு இருந்தோம். சனியன் ஒழிஞ்சுதுன்னு ஒருத்தி சொல்லி வாயை மூடல, குழாய்கிட்ட நின்ன ரொசாரி நாக்கைச் சப்புக் கொட்டி, இன்னைக்கு ஊறுகாயில உப்பு பத்தலயேன்னா. அவ வாயில ஊறுகாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பக்கத்துல நின்னவ, ஆமா, நேத்தும் பத்தலதான்னா. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியாத் தலையைப் பிடிச்சுக்கிட்டு ஈரத் தரையிலயே உக்கார ஆரம்பிச்சாங்க. பெஞ்சுல எந்தக் கால் ஆடும், சுவத்துல எவன் ஆணியால படகு கீறி வச்சான், எந்த மூலையில எவன் வாந்தி எடுத்தான், எவன் எவனைக் கட்டிப்பிடிச்சு அழுதான், எவன் தன் பொண்டாட்டியைப் பத்தி என்ன சொன்னான், அத்தனையும் வந்து இறங்குச்சு. அவளவளுக்கு அவளவ புருசனோட கடை, அவன் கண்ணு பார்த்தது, அவன் வாய் பேசுனது, அவன் நாக்குல பட்ட ருசி.

எங்கள மாதிரி தாலியறுத்தவங்க மட்டும் நின்னுக்கிட்டே இருந்தோம். எங்களுக்கு ஒண்ணும் வரல. உசுரோட இருக்கிறவன் கிட்ட இருந்து கழண்டதுதான் பொம்பளைக்கு வந்து சேர்ந்துச்சு, செத்தவன் அவனோடதை அவனே கொண்டு போயிட்டான். என் மனுசன் ஆயுசுல பாதியை நீலக்கதவுக்குள்ள கழிச்சவர். உள்ள என்னதான் பேசுனாரோ, ஒரு நாளாவது என் பேரைச் சொன்னாரோன்னு நானும் பார்த்தேன், வரும் வரும்னு ரொம்ப நாள் பார்த்தேன். வரல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், மத்தவளுகளைப் பார்க்கப் பொறாமையா இருந்துச்சு.

ஆம்பளைங்க பாடு வேற மாதிரி. சாயங்காலம் ஆனதும் காலு தானா எந்திரிச்சு வாசலைத் தாண்டும், தெருவுல பாதி தூரம் போகும், அப்புறம் எங்க போறோம்னு தெரியாம நின்னுரும். தெருவெல்லாம் ஆம்பளைங்க நிப்பாங்க. ஒருத்தனை ஒருத்தன் பார்த்துப்பாங்க, என்னலே இங்க நிக்கன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் தெரியாது. வலது கை மட்டும் எதையோ பிடிச்சிருக்கிற மாதிரி பாதி மூடுன வாக்குல இருக்கும். பக்கத்து ஊர்ல கடை இருக்கே, அங்க போகலாம்லன்னு கேப்பீங்க. கடைன்னா என்னன்னே தெரியாதவனுக்கு எந்த ஊர்க் கடையா இருந்தா என்ன. அவங்க திரும்பி வீட்டுக்கு வந்து, பொண்டாட்டி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. சாயங்காலம்னு ஒண்ணு இவ்வளவு நீளமா இருக்குங்கிறதே அவங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

கல்யாணம் ஆகாதவங்களோட ஞாபகம் ஆத்தாக்காரிகளுக்குப் போச்சு. ஆத்தாவும் இல்லாத ஒரு ஐஸ் லோடுமேன், பாவம், கன்னியாஸ்திரி மடத்துலதான் மத்தியானம் சோறு வாங்கித் தின்பான். அவனோடது முழுக்க சிஸ்டர் கொன்சலாத்தாவுக்கு வந்துருச்சு. காலை செபத்துக்கு நடுவுல அவங்க கெட்ட வார்த்தை ஒண்ணைத் தெளிவாச் சொல்லிட்டு, அதை எங்க கத்துக்கிட்டோம்னு திகைச்சு நின்னாங்களாம். மடத்துல யாரும் அதைப் பெருசு பண்ணல. அந்த ஆளுக்கு அன்னைல இருந்து கூட ஒரு அகப்பைச் சோறு போட்டாங்க.

அதிகாரி ஒருத்தர் ஜீப்புல வந்து தெருத்தெருவாப் பார்த்தார். ஒருத்தன் வாயிலயும் நாத்தம் இல்ல, ஒருத்தன் ரோட்டுல விழுந்து கிடக்கல. குடியை விட்ட ஊர்னு ஊர் எல்லையில பச்சை போர்டு வச்சு, மேடை போட்டு, ஒரு கேடயமும் குடுத்தாங்க. ஆம்பளைங்க அதை வாங்கிக்கிட்டு, நாம எதை விட்டோம்னு விளங்காம முழிச்சாங்க. பின் வரிசையில உக்காந்திருந்த பொம்பளைங்களுக்கு அந்நேரம் ரோஜா பார் ஞாபகம், கைதட்டுறதுக்குப் பதிலா ஏப்பம் விட்டாங்க.

கொஞ்ச நாள்ல ஊர் இதுக்குப் பழகிருச்சு. ஏலம் முடிஞ்சதும் பொம்பளைங்க ஐஸ் கம்பெனி நிழல்ல கூடிருவாங்க, கையில டீ கிளாஸ்தான், ஆனா பேச்சு முழுக்கக் கடைப் பேச்சு. தகரக்கொட்டகை பெருசா மாடிக்கடை பெருசான்னு சண்டை நடக்கும். எவன் எவனை அன்னைக்கு அடிச்சான், முதல்ல கை வச்சது யாருன்னு புருசன்மார் சண்டையைப் பொண்டாட்டிமார் மறுபடியும் போட்டு, மறுபடியும் கட்டிப்பிடிச்சு சமாதானம் ஆவாங்க. உள்ள போகாட்டியும் வாசல்ல இருந்தவள்னு சந்தேகத்துக்கு என்னைத்தான் கேப்பாங்க. நானும் தெரிஞ்சதைச் சொல்லுவேன்.

சிரிப்பாத்தான் ஆரம்பிச்சுது. போகப் போகத்தான் இது லேசுப்பட்டதில்லன்னு விளங்குச்சு. ஆம்பளைங்க எதையெல்லாம் கடையில இறக்கி வச்சாங்களோ அதெல்லாம் கடையோட சேர்ந்து அவங்களை விட்டுப் போயிருந்துச்சு. ரொசாரிக்கு ஒரு பொம்பளப் பிள்ளை காய்ச்சல்ல போச்சு, அவ புருசன் வீட்டுல ஒரு நாள் அழுததில்ல, கல்நெஞ்சுக்காரன்னு அவ எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிவா. இப்பத்தான் தெரியுது, அந்த மனுசன் அத்தனை வருசமும் மாடிக்கடை மூலையில சுவத்தைப் பார்த்து உக்காந்து அந்தப் பிள்ளை பேரைச் சொல்லி அழுதிருக்கார். அந்த அழுகை பூரா இப்ப ரொசாரிக்கு வந்துருச்சு. அவர் வலை பின்னிக்கிட்டே விசில் அடிக்கார். பிள்ளை படத்தைக் காட்டுனா, நல்ல பிள்ளைல்லாங்கிறார், அவ்வளவுதான். அந்த விசிலைக் கேக்க முடியலக்கா, காதைப் பொத்திக்கிட்டுக் கிடக்கேன்னு அவ என்கிட்ட சொன்னா.  ஒரு துண்டு மீனைக் கையில குடுத்தேன்.

எல்லாப் பொம்பளைங்களுக்கும் பொதுவா வந்த ஞாபகம் ஒண்ணு உண்டு. முதல் மடக்குக்கு முன்னாடி ஆம்பளைங்க ஆள்காட்டி விரலை டம்ளர்ல முக்கி, தரையில ஒரு சொட்டுத் தெளிச்சு, கடலுக்குக் குடுத்தவங்க பேரை மெல்லச் சொல்லுவாங்க. அப்பனுக்கு, அண்ணனுக்கு, கூடப் போய் வராத கூட்டாளிக்கு. வீட்டுல செத்தவனுக்குக் கல்லறை இருக்கு, கடல்ல போனவனுக்கு இந்தச் சொட்டுதான். உசுரோட இருக்கிறவன் பேரைச் சொல்லி எவனும் தெளிக்க மாட்டான், அது அவனைக் கையால தண்ணிக்குள்ள தள்றதுக்குச் சமானம். எவ்வளவு போதையிலயும் அந்தப் பேர்ல மட்டும் நாக்கு குழறாது. 

இந்தச் சொட்டுலதான் சலேத்து மாட்டிக்கிட்டா.

சலேத்து எங்க தெருக்காரி, வாய் செத்தவ, புருசன் தொபியாஸ் சங்கு குளிக்கிறவன். குளிக்கிறவன்னா குடிக்கிறவனும்தான். அவன் குடியை நிப்பாட்டணும்னு சலேத்து போகாத கோயில் இல்ல, முட்டி போட்டு நடக்காத மணல் இல்ல. அவளுக்கு ஒரு தம்பி, பொனிபாஸ். மச்சினனும் மச்சானும் ஒண்ணாத்தான் கடலுக்குப் போவாங்க. அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி, அரசாங்கம் எடுக்கக் கூடாதுன்னு சொன்ன கடல் அட்டை எடுக்க ரெண்டு பேரும் ஃபைபர் படகுல போனாங்க, தொபியாஸ் மட்டும் திரும்பி வந்தான். மண்டபம் துறையில கேரளாப் படகு ஒண்ணு நின்னுது, சம்பளம் நல்லா இருக்குன்னு பொனிபாஸ் அதுல ஏறிப் போயிட்டான்னு சொன்னான். அதுக்கு மேல வேண்டியதை ஊரே சேத்துக்கிச்சு. கொல்லத்துல ஒருத்தியை வச்சிருக்கான், பிள்ளைகூட இருக்கு, அது இதுன்னு. பொனிபாஸ் பொண்டாட்டி விமலி அன்னைல இருந்து தனியா இருக்கா, கருவாடு காயப்போட்டுப் பொழைக்கா. காலையில வாசல் பெருக்குறப்ப அவனைத் திட்டித்தான் பெருக்குவா. திட்டுறதுக்குக்கூட ஒரு ஆள் வேணும்ல, அவளுக்கு அது இருந்துச்சு.

சலேத்துக்கு வந்த ஞாபகத்துல தொபியாஸ் நீலக்கதவுக்குள்ள ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கான். விரலை முக்குறான். முதல் சொட்டு அவன் அப்பனுக்கு. ரெண்டாவது சொட்டு, குரல் வெளிய கேக்காம, பொனிபாஸுக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மண்டபத்துல இருந்து தனியா வந்த நாள் தொடங்கி கடையை இடிச்ச நாள் வரைக்கும், ஒவ்வொரு சாயங்காலமும். எந்த பொனிபாஸ்டான்னு பக்கத்துல இருந்தவன் ஒரு தடவை கேட்டதுக்கு, எங்க தாத்தா பேருன்னு சொல்லியிருக்கான். இன்னொரு நாள் யாரும் இல்லாதப்ப மேசையில நெத்தியை வச்சுக்கிட்டு, கையை விட்டுட்டேன், கையை விட்டுட்டேன்னு சொல்லியிருக்கான். அவ்வளவுதான். எந்த இடம், என்ன ஆச்சு, ஏன் விட்டான், ஒண்ணும் கிடையாது. கடையில இறக்கி வச்சது அம்புட்டுதான், அதனால வந்து சேர்ந்ததும் அம்புட்டுதான்.

அவ என்கிட்ட வந்து, பிரகாசியக்கா, நீங்க ஜன்னல்கிட்டயே இருந்தீங்களே, ஒரு வார்த்தையாவது காதுல விழலயான்னு கேட்டா. என் காதுல எண்ணெய் கொதிக்கிற சத்தத்தைத் தவிர என்ன விழும். தொபியாஸ் கை எனக்குத் தெரியும், தட்டை வாங்குறப்ப நடுங்கும். குடிகாரன் கைதானேன்னு விட்டுட்டேன்.

அதே வாரம் ஐஸ் கம்பெனி நிழல்ல யாரோ விமலியைக் கேட்டுட்டாங்க, உனக்கு ஏதும் வந்துச்சாட்டின்னு. எல்லாரும் அவ வாயைப் பார்த்தோம். அவ டீயைக் கீழ வச்சுட்டு, வந்துச்சேன்னா. நீலக்கதவுல அவர் ஃபேனுக்கு நேரா கீழ உக்காந்திருக்கார், சட்டை படபடன்னு அடிக்குது, என் பொண்டாட்டி வைக்கிற திருக்கைக் குழம்பு இந்தக் கரையிலயே கிடையாதுன்னு சொல்லிச் சிரிக்கார்னு சொன்னா. ஊரே குளுந்து போச்சு. ஞாபகம் வந்துருச்சுன்னா ஆள் உசுரோட இருக்கான்னு அர்த்தம், எங்க இருந்தா என்ன, இருக்கான். நீலக்கதவுல ஃபேனே கிடையாது. எனக்குத் தெரியும், வேர்வை சொட்டுற கைங்கதான் என்கிட்ட தட்டு வாங்கும். ஆனா வாயைத் திறக்கல. அவ முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்ல. எதிர்ல உக்காந்திருந்த சலேத்து முகம் செத்துப் போச்சு.

சலேத்து முதல்ல மாதா கோயில் சாமியாரைத்தான் பார்க்கப் போனா. பாவசங்கீர்த்தனத்துல மண்டி போட்டு, பாவம் செஞ்சது எங்க வீட்டுக்காரவிய, ஞாபகம் எனக்கு வந்துருச்சு, இதை யார் சொல்லித் தீர்க்கன்னு கேட்டிருக்கா.  அடுத்தவர் பாவத்தை நீ அறிக்கையிட முடியாது, தெரியாத பாவத்துக்கு அவர் மனஸ்தாபப்பட முடியாது, நான் யாருக்கு மன்னிப்புக் குடுக்கன்னு சாமியாரே திருப்பிக் கேட்டாராம். அந்த வாரம் இதே மாதிரி வந்தவ இவ ஒருத்தி மட்டும் இல்லபோல, மனுசன் இளைச்சுப் போயிருந்தார்.

அப்புறம் புருசனையே கேட்டா. தொபியாஸ் அப்ப ஆளே மாறியிருந்தான். நல்லாத் தூங்குறான், கன்னத்துல சதை போட்டிருக்கு, கை நடுக்கம் போயிருச்சு, கடலுக்குப் போயிட்டு வந்தா அவளுக்குப் பூ வாங்கிட்டு வாறான். முட்டி போட்டு நடந்து அவ கேட்டதெல்லாம் கிடைச்சாச்சு. அவன் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவுறப்ப, என் தம்பிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா.

"என்னைக் கேட்டா? கேரளாவுலல்லா இருக்கான்."

"அவன் இல்லங்க. செத்துட்டான்."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. கையை விட்டுட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா?" அவன் அவளையே பார்த்தான். "எனக்கே தெரியாதே, சலேத்து."

பொய் சொல்லல அவன். ஊருக்குன்னு அவன் சொன்ன பொய் கடைக்கு வெளிய சொன்னது, அது அவன்கிட்டயே தங்கிருச்சு. கடைக்குள்ள சொன்ன நிசம் அவனை விட்டுப் போயிருச்சு. அவன் சொன்ன பொய்யை அவனே முழுசா நம்பிக்கிட்டு நிக்கான். அவளுக்கு அவனைத் திட்டணும், அடிக்கணும், சட்டையைப் பிடிச்சு உலுக்கணும், ஆனா யாரை உலுக்க. எதிர்ல நிக்கவன் ஒரு தப்பும் அறியாதவன். தம்பி நினைப்புலயே இவளுக்குப் புத்தி கலங்குதேன்னு அவளைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு அவன் அழுதானாம். அழுது முடிச்சு, ஒரு முடிவுக்கும் வந்துட்டான். அன்னைக்கு மண்டபத்துல அவனை இறங்க விட்டது என் தப்புதான், நான் போய் அவனைத் தேடிக் கூட்டிட்டு வாறேன், தங்கச்சி விமலிக்குத்தான் ஞாபகம் வந்திருக்கே, அப்ப ஆள் எங்கயோ இருக்கான்லன்னுட்டான்.

அதுக்கு மேல ஊர் சும்மா இருக்குமா. நல்ல காரியத்துக்குப் போறான்னு ஆளாளுக்கு உதவி. கொல்லத்துல எங்க சித்தப்பா மகன் இருக்கான், நீண்டகரையில என் கூட்டாளி இருக்கான்னு ஆம்பளைங்க விலாசம் சொன்னாங்க. சாயங்காலம் போக்கிடம் தெரியாம தெருவுல நின்னவங்களுக்கு இப்ப ஒரு வேலை கிடைச்சுருச்சு, தொபியாஸ் வீட்டு வாசல்ல கூடி வழி சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நானும் மனசு கேக்காம, பொனிபாஸ் உசுரோட இல்லன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவன் மரியாதையாத்தான் கேட்டுக்கிட்டான். கேட்டுட்டு, அக்கா, உங்களுக்குத்தான் ஒண்ணும் வரலயே, உங்களுக்கு எப்படித் தெரியும்னான். 

மிச்சம் இருந்தது ஒரே வழி. எனக்கு வந்ததுன்னு சொன்னது பொய்னு விமலி தன் வாயால சொல்லணும், சொன்னா தொபியாஸ் நிப்பான். சலேத்து என்னைத் துணைக்குக் கூட்டிட்டு அவ வீட்டுக்குப் போனா. மத்தியான வெயில்ல விமலி நெத்திலியைப் பாயில பரத்திப் போட்டுக்கிட்டு இருந்தா. சலேத்து எல்லாத்தையும் சொன்னா, சொட்டு, பேரு, மேசையில நெத்தியை வச்சது, கையை விட்டுட்டேன்னது, ஒண்ணையும் மறைக்கல. விமலி மீனைப் பரத்துற கையை நிப்பாட்டவே இல்ல.

"தெரியும் மைனி"ன்னா. "எனக்கு ஒண்ணும் வரல. அன்னைக்கு ஏலக்கூடத்துல எல்லாரும் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க. பிரகாசியக்கா நின்னாவ, தாலி இல்லாதவங்க எல்லாம் நின்னாவ. நானும் நின்னுக்கிட்டு இருந்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு. சுத்திப் பார்த்தேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கல. அப்புறம் நானும் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன்."

 பக்கத்துலதான் நின்னிருக்கா, நான் பார்க்கல. எனக்கு வரலயேங்கிற என் கவலையில நான் நின்னேன்.

"அப்ப அவியகிட்ட சொல்லிரு, விமலி. போகாதீங்கன்னு நீ சொன்னா நிப்பாவ"ன்னு சலேத்து கெஞ்சுனா.

விமலி ஒரு கை நெத்திலியை அள்ளி, அதுல கிடந்த நண்டுக்குஞ்சைப் பொறுக்கி எறிஞ்சா.

"இத்தனை வருசம் அவரை ஒருத்தரும் தேடல. ஓடிப்போனவன்னு பேசி முடிச்சுட்டீங்க, நானும் சேர்ந்து திட்டுனேன். ஒரு படகு போகல. ஒரு பூசை வைக்கல. அண்ணன் போகட்டும், மைனி. தேடட்டும்."

"இல்லாதவனை எங்கட்டித் தேடுவாவ?"

"தேடட்டும்."

அந்தச் சொல்லுல இருந்தது கோவமா, தண்டனையா, இல்ல ஒருத்தன் தேடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் கழுத்துல தாலி கிடக்கட்டுங்கிற ஆசையா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. அவகிட்டயே கேட்டாலும் அவளுக்குத் தெரியுமாங்கிறது சந்தேகம்தான். சலேத்து அந்தப் பாய் ஓரத்துல உக்காந்தா. இவளுக்கு அவன் தம்பி, அவளுக்கு அவன் புருசன். ரெண்டு பேரும் அழல. அழுதா செத்துட்டான்னு ஆயிரும். கொஞ்ச நேரம் கழிச்சு சலேத்தும் நெத்திலியைப் பரத்த ஆரம்பிச்சா, வேற என்ன செய்யன்னு தெரியாம நானும் குனிஞ்சேன்.

தொபியாஸ் கிளம்புன அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஊரே நின்னுது. விமலி பொனிபாஸ் கல்யாணப் போட்டோவையும், புதுசா எடுத்த சட்டை ஒண்ணையும் பையில வச்சுக் குடுத்தா. அவர் இளைச்சிருப்பார் அண்ணே, அளவு சின்னதாத்தான் எடுத்திருக்கேன்னா. தொபியாஸ் அதை வாங்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு, கவலைப்படாத தங்கச்சி, பார்த்த இடத்துல கையைப் பிடிச்சேன்னா அப்புறம் விட மாட்டேன்னான். எல்லாரும் நல்ல வார்த்தைன்னாங்க. சலேத்து மட்டும் பஸ் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, கண்டக்டர் வந்து விரலை எடுத்துவிட வேண்டியிருந்துச்சு.

கொல்லத்துல இல்ல, நீண்டகரையில இல்ல. முனம்பத்துல ஒருத்தன் போட்டோவைப் பார்த்துட்டு, இந்த ஜாடையில ஒரு ஆள் இருந்தான், வடக்கே போயிட்டான்னு சொன்னானாம். போட்டோவோட வந்து நிக்கிற மனுசனுக்கு இல்லன்னு சொல்ல யாருக்குத்தான் மனசு வரும். ஒவ்வொரு துறைமுகத்துலயும் எவனாவது ஒருத்தன் வடக்கே கை காட்டுறான். தொபியாஸும் மங்களூர் போனான், கோவா போனான், அங்கங்க படகுல கூலிக்கு ஏறிக்கிட்டே போறான். இப்ப குஜராத்துல இருக்கான், வேராவலாம். திரும்பி வந்துருங்கன்னு சொன்னா, ஆள் கிட்டத்துல வந்துட்டேன் சலேத்து, இந்த நேரத்துலயா திரும்பச் சொல்லுதங்கிறான்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவன் போன் பண்ணுவான். சலேத்து வீட்டுல பொம்பளைங்க கூடிருவோம், வாசல்ல ஆம்பளைங்க நிப்பாங்க. விமலி தலைக்குக் குளிச்சு, நல்ல சேலை கட்டி, போனுக்குப் பக்கத்துல உக்காருவா. தொபியாஸ் சத்தமாப் பேசுவான், சந்தோசமாப் பேசுவான், இங்க ஒரு டீக்கடைக்காரருக்கு அவனை நல்லாத் தெரியுமாம்பான். சலேத்து போனைக் காதுல வச்சுக்கிட்டு வாயைத் திறப்பா. எல்லாரும் அவளையே பார்ப்போம். விமலியும் பார்ப்பா. சாப்பிட்டீங்களான்னு மட்டும் சலேத்து கேப்பா. சாப்பிட்டேன்னு சொல்லி அவன் என்னென்ன சாப்பிட்டான்னு ஒண்ணொண்ணாச் சொல்லுவான், ரொட்டி, பருப்பு, இங்கத்த மீனுக்கு ருசியே இல்ல சலேத்துன்னு, அவளும் ம், ம்னு கேட்டுக்கிட்டு இருப்பா.